சத்தத்தோட போடுங்க

வேனக்காவுக்குக் கோபம் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். அன்றைக்கு ராத்திரி ஆஸ்பத்திரிக் கட்டிலில் அந்த மூக்கின் மேல் கோபம் உட்காரக்கூட இடமில்லை. இரண்டு துவாரத்திலும் குழாயைச் செருகி, கன்னத்தோடு சேர்த்துப் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தார்கள். தலைமுடிக்குள் அங்கங்கே பசையைத் தடவி ஒயர், கண்ணோரம் ஒயர், தாடையில் ஒயர், கழுத்தில் ஒயர், கெண்டைக்காலில் ஒயர். நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டை, வயிற்றைச் சுற்றி ஒரு பட்டை. விரல் நுனியில் சிவப்பு விளக்கு எரிகிற கிளிப். அத்தனை ஒயரும் சடை மாதிரி ஒன்றாகச் சேர்ந்து தலைமாட்டில் இருந்த பெட்டிக்குள் போய் முடிந்தன.

"அவ்வளவுதான்க்கா. இப்போ எப்பவும் போலத் தூங்குங்க" என்றாள் ஒயர் மாட்டிய பெண். "நான் பக்கத்து ரூம்ல இருந்து கேமராவுல பாத்துக்கிட்டே இருப்பேன். எழுந்திரிக்கணும்னா கூப்பிடுங்க. நீங்களா இறங்கிடாதீங்க, ஒயர் பிச்சுக்கும்."

எப்பவும் போலத் தூங்குவதாம்! எப்பவும் போலத் தூங்கியதால்தானே இந்தக் கதிக்கு வந்திருக்கிறாள்.

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள் என்பதால் பிள்ளைகள் வைத்த பெயர் வேனக்கா. இப்போது அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவள் கைக்கு வந்த நாளிலிருந்து அந்த வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. போன மாதம் ஒரு நாள், பள்ளி விடுகிற நேரம், வாசலில் வண்டியை நிறுத்திக் கைப்பிரேக்கைப் போட்டுவிட்டு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தாள். அப்படியே தூங்கிப்போனாள். பிள்ளைகள் கண்ணாடியைத் தட்டு தட்டென்று தட்டியும் அசையவில்லை. காவலாளி வந்து தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் கண் திறந்தாள். அன்று சாயங்காலமே யாரோ ஒரு பிள்ளையின் அம்மா பள்ளிக்குப் போன் போட்டுவிட்டாள். மறுநாள் பள்ளி மேனேஜர் சாவியைக் கேட்டு வாங்கி டிராயருக்குள் போட்டார். "தூக்க வியாதி எதுவும் இல்லைன்னு டாக்டர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் வேற ஆளு ஓட்டட்டும்."

மேனேஜரைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை. அவர் இடத்தில் இருந்திருந்தால் அவளும் சாவியைப் பிடுங்கித்தான் இருப்பாள். ஏறுகிறவை அத்தனையும் பச்சைக் குழந்தைகள். அவளுடைய கோபமெல்லாம் வேறோர் ஆள் மேல். அந்த ஆள் இப்போது அதே அறையில், எதிர்ச் சுவரோரம், துணைக்கு வருகிறவர்களுக்குப் போடும் மடக்குக் கட்டிலில் காலை நீட்டி, வாயைப் பிளந்து படுத்திருந்தார். வேறு யார், அவளுடைய வீட்டுக்காரர்தான்.

வீட்டுக்காரர் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். மத்தியானமானால் கல்லாவில் உட்கார்ந்தபடியே தலை தொங்கிவிடும். எதிரே நிற்பவர் என்ன நிறம் வேண்டும் என்று சொல்லி முடிப்பதற்குள் ஆள் வேறு உலகத்தில் இருப்பார். அதற்குப் பெயர் அசதி. "பாவம், உழைக்கிற மனுசன், கொஞ்சம் கண் அசந்துட்டான்" என்பாள் நாத்தனார். அதே கண் வேனக்காவுக்கு அசந்தால் அதற்குப் பெயர் வியாதி. தூங்குமூஞ்சி என்று அந்த வீட்டில் அவளுக்குப் பட்டம் கட்டி வெகுநாள் ஆகிறது. கல்யாண வீட்டில் தூங்கினாளாம், பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கினாளாம், சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

உண்மை என்ன தெரியுமா? கல்யாணமான மறுமாதத்திலிருந்து அவள் ஒரு ராத்திரிகூட முழுசாகத் தூங்கியதில்லை. வீட்டுக்காரரின் குறட்டை இருக்கிறதே, அது மாவு மில். அது மட்டும் என்றால் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு படுத்துவிடலாம். அந்த மில் திடீரென்று நிற்கும். நின்றால் மூச்சும் நின்றுவிட்டது என்று அர்த்தம். நெஞ்சும் வயிறும் மட்டும் துள்ளும், காற்று உள்ளே போகாது. முதல் தடவை அதைப் பார்த்தபோது ஆள் போய்விட்டார் என்றே நினைத்து அலறினாள். போகப்போக ஒரு வழி கண்டுபிடித்தாள். விலாவில் விரல் முட்டியால் ஒரு குத்து. குத்தினால் 'ஹக்' என்று ஓர் இழுப்பு இழுத்து மூச்சு வந்துவிடும். அவர் கண்ணைக்கூடத் திறக்காமல் புரண்டு படுப்பார், மில் மறுபடி ஓடும். அவள் கொட்டக்கொட்ட விழித்துக்கொண்டு, மறுபடி எப்போது நிற்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பாள்.

சொல்லாமல் இருந்தாளா? தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னாள். "நான் குறட்டை விட்டா எனக்குக் கேக்காதா?" என்று கேட்டார் அவர். இதற்கு என்ன பதில் சொல்ல முடியும், நீங்களே சொல்லுங்கள். மூச்சு நிற்கிறது என்றாள். "மூச்சு நின்னா காலையில எப்படி காபி குடிக்கிறேன்?" என்றார். நாத்தனாரிடம் போய் அழுதாள். "ஆம்பளைன்னா குறட்டை விடத்தான் செய்வான். நீ ஏன் ராத்திரியெல்லாம் அவன் மூஞ்சியையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கே?" என்று அவள் சிரித்தாள். டாக்டரிடம் போகலாம் வாங்க என்று கெஞ்சினாள். "படுத்த உடனே தூங்கற ஆளுக்கு டாக்டர் எதுக்கு?" என்று அதோடு பேச்சை முடித்துவிட்டார்.

பெண்டாட்டிக்கு வியாதி என்றதும் மட்டும் கடையைப் பூட்டிக்கொண்டு கிளம்பி வந்துவிட்டார். துணைக்கு ஆள் தேவையில்லை என்றுதான் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கேட்டால்தானே? "இவ தூக்கத்துல என்ன பண்ணுவான்னு எனக்குத்தான் தெரியும். கை நீட்டுவா. இங்க பாருங்க" என்று வரவேற்பு மேஜையிலேயே சட்டையைத் தூக்கி விலாவைக் காட்டினார். குத்து விழுந்து விழுந்து அந்த இடம் கன்றிப்போயிருந்தது. மேஜையில் இருந்த பெண் வேனக்காவை மேலும் கீழும் பார்த்தாள். வேனக்காவுக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. அறைக்குள் வந்து சேர்வதற்குள் அந்த வெட்கம் முழுக்கக் கோபமாகிவிட்டது.

விளக்கை அணைத்தார்கள். கேமராவின் சின்னப் பொட்டு வெளிச்சம் மட்டும் மேலே தெரிந்தது. இன்றைக்கு ஒரு ராத்திரி இந்த ஆளை ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்ளட்டும், நான் தூங்கப்போகிறேன் என்று வைராக்கியமாகக் கண்ணை மூடினாள். மில் ஓடியது. கண் இழுத்துக்கொண்டு போனது. மில் நின்றது.

கண்ணை மூடியபடியே கை பக்கவாட்டில் போனது. விலா இருக்க வேண்டிய இடத்தில் கட்டில் கம்பிதான் இருந்தது. விழித்துப் பார்த்தாள். எதிரே, எட்டாத தூரத்தில், வயிறு துள்ளிக்கொண்டிருந்தது. "ஏங்க! ஏங்க!" என்று கூப்பிட்டாள். ஊகூம். எழப்போனால் ஒயர்ச்சடை தலையைப் பிடித்து இழுத்தது. தலையணையை எடுத்து எறிந்தாள். காலில் போய் விழுந்தது. 'ஹக்.' மூச்சு வந்தது. அவளுக்கும் அப்போதுதான் வந்தது.

தலையணை ஒன்றுதானே கொடுப்பார்கள்? அடுத்த தடவையும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, கட்டிலுக்குக் கீழே கையை விட்டுச் செருப்பை எடுத்தாள். இடுப்பில் விழுந்தது. நல்ல குறி. வண்டி ஓட்டுகிற கை அல்லவா.

மேலேயிருந்த ஸ்பீக்கரில் குரல் வந்தது. "அக்கா, என்ன ஆச்சு? தூங்குங்கக்கா."

"பாப்பா, இவருக்கு மூச்சு நிக்குது! சீக்கிரம் வந்து பாரு!"

இன்னோர் அறையில் ஒரு பெரியவருக்கு ஒயரைச் சரிசெய்துகொண்டிருந்தவள் அதை முடித்துவிட்டு வந்து விளக்கைப் போட்டாள். அதற்குள் வீட்டுக்காரர் ஜோராக மூச்சு விட்டுக்கொண்டு கண்ணைக் கசக்கினார். "என்ன, ஆரம்பிச்சுட்டாளா? நான்தான் சொன்னேனேம்மா. கனா கண்டு கத்துவா. இன்னிக்கிச் செருப்பாலயே அடிக்கிறா பாரு."

"நான் முழிச்சிருக்கேன், பாப்பா. நிஜமாவே நின்னுச்சு."

"நல்லாத்தானே இருக்கார்க்கா" என்றாள் அந்தப் பெண், பிய்ந்துபோன ஒயரை மறுபடி ஒட்டிக்கொண்டே. குரலில் இருந்த அந்த இரக்கம்தான் வேனக்காவுக்குத் தாங்கவில்லை. பைத்தியத்தைச் சமாதானம் செய்கிற குரல் அது.

மறுபடி இருட்டு. மறுபடி மில். இரண்டாவது செருப்பும் போனது. அதற்கப்புறம் கைக்கெட்டிய தூரத்தில் தண்ணீர் பாட்டில் மட்டும்தான் இருந்தது. மில் நின்றபோது அவள் பாட்டிலைத் தொடவில்லை. எறிய மாட்டேன், என்ன ஆகிறதோ ஆகட்டும், எனக்கென்ன என்று போர்வையைக் கையில் சுருட்டிக்கொண்டு கிடந்தாள். என் தூக்கத்தைத் தின்றாய், என் பேரைத் தின்றாய், இப்போது என் வண்டியையும் தின்னப்போகிறாய், போ, ஒரேயடியாகப் போய்த் தொலை. மனசுக்குள் இப்படித்தான் சொன்னாள், பொய் சொல்வானேன். சொல்லி முடித்த அடுத்த நொடி அவளுக்கே உடம்பு சில்லிட்டுவிட்டது. பாட்டில் பறந்துபோய் அவர் நெஞ்சில் விழுந்து உருண்டது. 'ஹக்.' வேனக்கா சத்தம் வராமல் அழுதாள். கண்ணோரம் ஒட்டிய ஒயர் ஈரத்தில் கழன்றுபோனது.

விடிந்ததும் டாக்டரம்மா வந்தார். ஒயரையெல்லாம் கழற்றிவிட்டு, பசை ஒட்டிய பரட்டைத் தலையோடு வேனக்கா அவருடைய அறைக்குப் போய் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியில் வீட்டுக்காரர். ராத்திரிப் பொறுப்பில் இருந்த பெண் சுவரோரம் நின்றாள். டாக்டரம்மா அவள் எழுதி வைத்திருந்ததைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"தூக்கத்துல கத்தறது, எழுந்து உக்காந்து பொருளைத் தூக்கி எறியறது. வீட்லயும் இப்படித்தானா?"

"வருஷக்கணக்கா வாங்கறேன் டாக்டர்" என்று வீட்டுக்காரர் சட்டையைத் தூக்கக் கையைக் கொண்டுபோனார்.

"சரி சரி, வேண்டாம். அம்மா, கனவுல நடக்கறதை நிஜமாவே செய்யற வியாதி ஒண்ணு இருக்கு. அதுவா இருந்தா, நீங்க குழந்தைங்களை ஏத்திக்கிட்டு வண்டி ஓட்டலாம்னு நான் கையெழுத்து போட முடியாது."

வேனக்காவுக்குத் தலை கிர்ரென்றது. மேனேஜரின் டிராயரும் அதற்குள் கிடக்கிற சாவியும் கண் முன்னால் வந்தன. இவ்வளவுதானா? இதற்கா இத்தனை வருஷம் கண் விழித்தாள்?

"படம் எடுத்தீங்கல்ல? அதைப் போடுங்க" என்றாள்.

டாக்டரம்மா கம்ப்யூட்டரை அவர்கள் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறப் படம். ஒரு பொம்பளை கட்டிலில் எழுந்து உட்கார்கிறாள், கீழே குனிகிறாள், தூங்குகிற மனுசன் மேல் செருப்பை வீசுகிறாள். யார் பார்த்தாலும் அவளைத்தான் கட்டிப்போடச் சொல்வார்கள்.

"பாத்தீங்களா? பாத்தீங்களா?" என்று வீட்டுக்காரர் நாற்காலியில் துள்ளினார். "நான் சொன்னா நம்பினீங்களா?"

"சத்தத்தோட போடுங்க" என்றாள் வேனக்கா.

சுவரோரம் நின்ற பெண் தயங்கினாள். "நேத்து ரெண்டு ரூம் பாத்தேன் டாக்டர். ரெண்டு சத்தமும் சேர்ந்து வந்துச்சுன்னு இந்த ரூம் சத்தத்தைக் குறைச்சு வெச்சுட்டேன். ஆனா எல்லாம் பதிவாகி இருக்கும்."

"அப்போ போடேன். கூட்டி வை."

டாக்டரம்மா படத்தைப் பின்னால் தள்ளிச் சத்தத்தைக் கூட்டினார். மாவு மில் அறை முழுக்க ஓடியது. வீட்டுக்காரர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "கேளுங்க இவ குறட்டையை! இதுல எனக்குக் குறட்டைன்னு சொல்வா!"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. படத்துக்குக் கீழே கோடு கோடாக ஓடியவற்றில் ஒன்றின் மேல் பேனாவை வைத்தார். "இது இவங்க கழுத்துல ஒட்டினது. குறட்டை விட்டா இது துள்ளணும். இங்க ஒண்ணுமே இல்லையே. இந்தச் சத்தம் இவங்களோடது இல்ல சார்."

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சத்தம் நின்றது. படம் ஓடிக்கொண்டிருந்தது. மடக்குக் கட்டிலில் படுத்திருந்தவரின் வயிறு மட்டும் துள்ளியது, அடங்கியது, மறுபடி துள்ளியது. வீட்டுக்காரர் முகத்தில் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. அப்புறம் ஒரு பக்கமாகக் கழன்றது. "என்ன, படம் நின்னுபோச்சா?" என்று கேட்டார். படத்தில் பொம்பளை "ஏங்க! ஏங்க!" என்று கூப்பிட்டாள். பதில் இல்லை. செருப்பு பறந்தது. 'ஹக்.' அந்த இழுப்பைக் கேட்டதும் நாற்காலியில் இருந்தவர் தன் கழுத்தைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டார்.

"மூளை அலையும் முழிப்புலதான் இருக்கு" என்றார் டாக்டரம்மா, வேறு கோடுகளைக் காட்டி. "இவங்க தூக்கத்துல எறியல. முழிச்சுக்கிட்டுத்தான் எறிஞ்சிருக்காங்க. அலையைப் பாக்காம நானும் பேசிட்டேன். சார், உங்களுக்கு மூச்சு நிக்குது. ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல, ராத்திரி பூரா."

வீட்டுக்காரர் பெண்டாட்டி பக்கம் திரும்பினார். அப்போது அவர் என்ன சொன்னார் தெரியுமா? நன்றி சொல்லியிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்?

"இவ்வளவு பெரிய விஷயம், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா நீ?"

வேனக்கா எழுந்தே விட்டாள். இத்தனை வருஷமும் வாயில் இருந்த 'நீங்க' அந்த நொடியில் எங்கோ போய்விட்டது.

"சொல்லலையா? நான் சொல்லலையா? உன் அக்கா முன்னாடி வெச்சுச் சொன்னேனா இல்லையா? காபி குடிக்கிறேனே, எப்படி மூச்சு நிக்கும்னு கேட்டியே, அது யார்கிட்ட கேட்ட? செவுத்துக்கிட்டயா? ராத்திரி ராத்திரி உன் உசுரை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்யா நான். பகல்ல என்னைத் தூங்குமூஞ்சின்னு ஊர் பூரா சொல்லிச் சிரிச்ச. உன்னைக் காப்பாத்தின குத்தையே சட்டையைத் தூக்கித் தூக்கிக் காட்டின. எவளோ ஒருத்தி என்னைப் புருஷனை அடிக்கிறவன்னு பாத்தாளே, அப்பகூட உனக்கு வாய் வரல. இப்ப நான் சொல்லலையாம்!"

டாக்டரம்மா தடுக்கவில்லை. மேஜையிலிருந்த தண்ணீரை மட்டும் அவள் பக்கம் நகர்த்தினார். வேனக்கா குடித்துவிட்டு உட்கார்ந்தாள்.

"என் கையெழுத்து?" என்று கேட்டாள்.

"நேத்து நீங்க தூங்கவே இல்லையேம்மா, அதை வெச்சு எதுவும் சொல்ல முடியாது. இன்னிக்கி ராத்திரி வீட்ல நல்லாத் தூங்குங்க. நாளைக்குப் பகல்ல மங்கல் வெளிச்சத்துல சும்மா உக்கார வெப்போம். தூங்கிடாம இருந்தீங்கன்னா நான் போடறேன். தூங்கிட்டீங்கன்னா முடியாது." அப்புறம் வீட்டுக்காரரைப் பார்த்தார். "நீங்க இன்னிக்கி ராத்திரி இங்கேயே இருங்க. உங்களுக்குத்தான் ஒயர் மாட்டணும்."

வெளியே நடைவழியில் வீட்டுக்காரர் அவள் பின்னாலேயே வந்தார். குரல் இறங்கிப்போயிருந்தது. "நீயும் இருப்பல்ல? அந்தக் கட்டில் இருக்குல்ல?"

"நான் எதுக்கு?"

"எனக்குப் பயமா இருக்குடி. கண்ணை மூடினா அது நின்னுடுமோன்னு..."

வேனக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். நிஜமாகவே பயந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. ஒரு கணம் அவளுக்கு மனசு இளகியது, இல்லை என்று சொல்ல முடியாது. அந்தக் கட்டிலில் உட்கார்ந்தால் அவள் தூங்க மாட்டாள். தூங்காவிட்டால் நாளைக்கு அந்த மங்கல் அறையில் தலை சாயும். சாய்ந்தால் வண்டி போச்சு.

"இத்தனை வருஷமா அந்தப் பயத்தை நான்தான் வெச்சிருந்தேன்" என்றாள். "இன்னிக்கி ஒரு ராத்திரி நீங்க வெச்சுக்குங்க."

ராத்திரிப் பெண் பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "மன்னிச்சுக்குங்கக்கா" என்றாள். வேனக்கா காலில் கிடந்த செருப்பைக் கழற்றி அவள் கையில் கொடுத்தாள். "ராத்திரி நீதானே டூட்டி? இதை வெச்சுக்கோ. நின்னா கூச்சப்படாம எறி." அந்தப் பெண் அதுக்கெல்லாம் மூச்சு நிக்காமக் காத்து ஊதற மாஸ்க் இருக்குக்கா என்று சிரித்தாள். எதுக்கும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வேனக்கா வெறுங்காலோடு படியிறங்கிப் போனாள்.

அன்று ராத்திரி கட்டிலின் நட்டநடுவில் குறுக்கே படுத்தாள். ஒரே ஒரு தடவை கை தானாகப் போய்ப் பக்கத்துத் தலையணையைக் குத்தியது. சனியனே என்று அதைத் தள்ளிவிட்டு மறுபடி தூங்கினாள். விடிந்தபோது வெயில் முகத்தில் அடித்தது.

மறுநாள் மங்கல் அறையில் அவளை உட்கார வைத்துப் பார்த்தார்கள், வெளியே விட்டார்கள், மறுபடி உட்கார வைத்தார்கள். அவள் கண் ஒரு தடவைகூடச் சொக்கவில்லை. டாக்டரம்மா கையெழுத்து போட்டுக் கொடுத்தார்.

காகிதத்தை மடித்துக்கொண்டு வெளியே வந்தால் வீட்டுக்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் சிவந்து, முகம் தொங்கி, தலைமுடியெல்லாம் பசையோடு இருந்தார். மடியில் அவளுடைய செருப்பை வைத்துக்கொண்டிருந்தார்.

"சோதனை ஒண்ணும் நடக்கல" என்றார். "தூங்கினாத்தானே நடக்கும்? இன்னிக்கும் வரச் சொல்லிட்டாங்க. ராத்திரி பூரா ஒரு பொட்டுத் தூக்கம் இல்லடி. எப்ப நிக்குமோ எப்ப நிக்குமோன்னு காதைத் தீட்டிக்கிட்டே கிடந்தேன். தலை விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது. யாரைப் பாத்தாலும் எரிஞ்சு விழத் தோணுது. மனுசன் இப்படி இருக்க முடியுமா, சொல்லு?"

வேனக்கா செருப்பை வாங்கிக் கீழே போட்டுக் காலை நுழைத்தாள்.

"ஒரு ராத்திரிக்கேவா?" என்றாள்.

அவள் நிற்கவில்லை. பள்ளி விடுவதற்குள் போய்ச் சாவியை வாங்க வேண்டியிருந்தது.